ஹீராவுக்குத் தெரிந்த தமிழ்

கணபதி கரைக்கும் நாட்களில் தாதர் கடற்கரைப் பக்கம் போயிருந்தால் நீங்கள் மாரிக்கண்ணனைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் பார்த்ததாக ஞாபகம் இருக்காது. எல்லோர் கண்ணும் ஹீரா மேல்தான் இருக்கும். வெளிர் மஞ்சள் நிற லாப்ரடார், அகன்ற நெஞ்சு, யாரையும் சட்டை செய்யாத நடை. பிள்ளைகள் "குத்தா, குத்தா" என்று கை நீட்டும். அதன் கழுத்துக் கயிற்றின் மறுமுனையில் காக்கி உடுப்போடு ஒல்லியாக ஒருவன் நிற்பான். அவன்தான் நம் ஆள். கூட்டம் வந்து சேரும் முன்பே அந்த இடத்தை அங்குலம் அங்குலமாக மோந்து, வெடி எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இவர்கள் இரண்டு பேரும்தான். நாம் நிம்மதியாகப் பேல்பூரி தின்றுவிட்டு வருகிறோம். நன்றி சொல்ல வேண்டும் என்று யாருக்காவது தோன்றியிருக்கிறதா?

மாரிக்கண்ணன் பிறந்தது தாராவியில், தொண்ணூறடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில். அப்பா செல்லப்பாண்டி வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து வந்து தோல் பைப் பட்டறையில் சேர்ந்தவர். போலீஸ் ஜீப் வந்தால் சந்தே கதவைச் சாத்திக்கொள்ளும் இடம் அது. அங்கே வளர்ந்தவனுக்குப் போலீஸ் ஆசை எப்படி வந்தது என்று கேட்டால் அவனிடம் பெரிய பதில் ஒன்றும் கிடையாது. "நல்லா ஓடுவேன். வேற என்ன தெரியும் எனக்கு?" என்பான்.

ஓட்டம் மட்டும் போதுமா? சாதிச் சான்றிதழ் வாங்கப் போனால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு முன்னாலேயே உங்கள் குடும்பம் இந்த மாநிலத்தில் இருந்ததற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள். செல்லப்பாண்டி ரயிலேறியதே எழுபத்தொன்பதில். ஆகவே பொதுப் பிரிவில்தான் மோத வேண்டும். எழுத்துத் தேர்வோ மராத்தியில். தமிழ் முனிசிபல் பள்ளியில் படித்தவன், சந்து முனை சலூனில் கிடக்கும் மராத்திப் பேப்பரை எழுத்துக்கூட்டி வாசித்தே அந்த மொழியைப் பிடித்தான். முடி வெட்டாமல் தினமும் வந்து உட்காருகிறவனைச் சலூன்காரர் எப்படிப் பொறுத்துக்கொண்டாரோ. இரண்டு தடவை தோற்றான். மூன்றாம் தடவை பட்டியலில் பெயர் வந்தது.

ஒன்பது மாதப் பயிற்சி. காலையில் கவாயத்து, மத்தியானம் சட்ட வகுப்பு, சாயங்காலம் மறுபடி மைதானம். ஒருவன் காலை மாற்றி வைத்தால் அணியே பத்துச் சுற்று ஓட வேண்டும். அதன் பிறகு ஆயுதப் பிரிவில் ஒன்பது வருடம்: வாசலில் காவல், ஊர்வலத்துக்குக் காவல், மந்திரி போகும் பாதைக்குக் காவல். வேலையில் அவனைக் குறை சொன்னவர் யாரும் இல்லை. ஒரே ஒரு அலுப்பு மட்டும் அவனுக்குள் இருந்தது. காலையில் உடுப்பு மாட்டினால் கழற்றும்வரை வாயில் மராத்தியும் ஹிந்தியும்தான். பிழை வந்துவிடக் கூடாது என்று ஒவ்வொரு வாக்கியத்தையும் உள்ளே ஒருதரம் ஓட்டிப் பார்த்தே வெளியே விடுவான். நாளடைவில் பேச்சே குறைந்துபோயிற்று. அவன் பழகாத ஆள் என்று கூட இருந்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

மோப்ப நாய்ப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியபோது ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. நாயைக் குளிப்பாட்ட வேண்டும், கழிவை அள்ள வேண்டும், தீபாவளிக்கும் லீவு கிடைக்காது. மாரிக்கண்ணன் முதல் ஆளாகப் போய்க் கையெழுத்துப் போட்டான். தோல் கடை வைத்திருக்கும் சிநேகிதன் இனாயத்துல்லா கேலி செய்யாமல் விடுவானா?

"ஏல மாரி, ஒம்பது வருசம் சலாம் அடிச்சி, கடைசில நாய்க்கிச் சோறு வைக்கவால போற?"

"நாய் நம்ம பேச்சுல தப்பு கண்டுபிடிக்காதுல்லா," என்றான் மாரிக்கண்ணன். அவன் சொன்னது முழு உண்மை.

பயிற்சி மையம் மலைமேல் ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஹீரா அங்கே வந்து சேர்ந்தபோது மூன்று மாதப் பெண் குட்டி. ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு ஆட்கள் என்பது அங்கே சட்டம். முதல் ஆறு மாதம் முதல் ஆளே பழக்குவான். இரண்டாவது ஆள் சோறு வைப்பதோடும் குளிப்பாட்டுவதோடும் நிற்பான். ஏழாவது மாதத்தில் அவனும் கயிற்றைப் பிடிப்பான். கடைசிப் பரீட்சையில் நாய் இரண்டு பேர் சொல்லையும் தனித்தனியாகக் கேட்டுக் காட்ட வேண்டும். கேட்காத நாயைப் படையில் சேர்க்க மாட்டார்கள். யாராவது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். ஆட்கள் இருவரும் பழைய இடத்துக்கே திரும்பிப் போக வேண்டியதுதான்.

ஹீராவுக்கு முதல் ஆள் மாரிக்கண்ணன்; இரண்டாவது ஆளாக வந்தவன் பாண்டுரங் ஷெல்கே. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்துக்காரன், கரும்பு வெட்டப் போகிற குடும்பத்தில் முதன்முதலாகச் சர்க்கார் உடுப்புப் போட்டவன். சிரித்த முகம், வாய் மூடாத பேச்சு. பழக்குகிறவர் கதம் என்ற ஹவல்தார். சொல்லிக்கொடுக்கிறவரை அங்கே உஸ்தாத் என்பார்கள். கதம் உஸ்தாத் மனிதர்களிடம் பேசுவதைவிட நாய்களிடம் மரியாதையாகப் பேசுவார்.

மாரிக்கண்ணனும் ஹீராவும் அந்த மைதானத்துக்கே முன்மாதிரி ஆகிப்போனார்கள். கட்டளை எல்லாம் இங்கிலீஷ்தான்: சிட், ஸ்டே, சர்ச். நாட்டில் எந்த ஊருக்கு மாற்றினாலும் நாய் ஒரே சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். வரிசையாக வைத்த பெட்டிகளில் ஒன்றில் வெடிமருந்துப் பொட்டலத்தை ஒளித்துவைத்து, "சர்ச்" என்றால் ஹீரா போய் மோந்து, பொட்டலம் இருக்கும் பெட்டிக்கு முன்னால் சத்தம் காட்டாமல் உட்காரும். வெடி பக்கத்தில் குரைக்கக் கூடாதே. உட்கார்ந்தால் பரிசாக டென்னிஸ் பந்து. ஐந்தே மாதத்தில் தப்பே விடாத நாய் என்று பேர் வாங்கிவிட்டது. மற்ற ஆட்களைக் கூப்பிட்டு, "அந்த மதராஸியைப் பாருங்கள், குரலே உயராமல் எப்படி வேலை வாங்குகிறான்" என்பார் கதம்.

குரல் உயரவில்லைதான். ஆனால் அந்தத் தாழ்ந்த குரல் என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று யாரும் கிட்டே போய்க் கேட்கவில்லை.

ஏழாவது மாதம் ஷெல்கே கயிற்றைப் பிடித்தான். மாரிக்கண்ணனை அடுத்த மைதானத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஷெல்கே "சிட்" என்றான். ஹீரா அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது. மறுபடி சொன்னான், அதட்டினான், பிஸ்கட் காட்டினான். "சர்ச்" என்றதற்கு ஒரு பெட்டியை மோந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி அவன் வாயைப் பார்த்தது. மூன்று நாளும் இதே கதை. நான்காம் நாள் கதம் உஸ்தாத் ரிஜிஸ்டரைத் திறந்தார்.

"நாய் மேல் குற்றமில்லை," என்றார். "சில ஆளுக்கு நாய் படியாது. இந்த ஷெல்கேயை ஸ்டேஷனுக்குத் திருப்பி அனுப்பிவிட்டு வேறு ஆள் கேட்கிறேன்."

ஷெல்கேயின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுபோனது. தகுதியில்லை என்று ரிஜிஸ்டரில் ஏறிவிட்டால் அது ஆயுசுக்கும் கூடவே வரும்.

அன்று சாயங்காலம் ஹீராவைக் கூண்டிலிருந்து வெளியே விட்டபோது மாரிக்கண்ணன் சும்மா ஒரு சோதனை செய்து பார்த்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, ஷெல்கே சொன்ன மாதிரியே, "சிட்" என்று மட்டும் சொன்னான். ஹீரா வாலை ஆட்டிக்கொண்டு அவன் வாயைப் பார்த்தது. உட்காரவில்லை.

"உக்காருட்டி தாயி," என்றான் மெதுவாக. ஹீரா டக்கென்று உட்கார்ந்தது.

ஆறு மாதமாக அவன் செய்துவந்தது அதுதான். முதலில் வாய்க்குள்ளே "உக்காருட்டி தாயி" என்று முனகிவிட்டுப் பிறகு ஊர் கேட்க "சிட்" என்பான். "மோந்து பாருட்டி, பைய, அவசரப்படாத" என்றுவிட்டு "சர்ச்" என்பான். வேண்டுமென்று செய்ததில்லை. ஒன்பது வருடம் நாக்கைக் கட்டி வைத்திருந்தவன், தப்புக் கண்டுபிடிக்காத ஒரு ஜீவன் கிடைத்ததும் தன்னையறியாமல் பேசிவிட்டான். ஹீராவுக்குத் தமிழ்தான் கட்டளை. அதற்குப் பின்னால் வந்த இங்கிலீஷ், தும்மல் இருமல் போல அதுவும் ஒரு சத்தம்.

இங்கேதான் எனக்கு அவன் மேல் மரியாதை பிறக்கிறது. விஷயம் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு இருந்தால் ஷெல்கே போவான், புது ஆள் வருவான், பழியும் ஷெல்கேயோடு போய்விடும். மையத்திலேயே கெட்டிக்காரன் என்ற பேர் இவனுக்கு அப்படியே நிற்கும். மாரிக்கண்ணன் சாயங்கால வரிசையில், அத்தனை பேர் நிற்கும்போது, ஒரு அடி முன்னே வந்து சல்யூட் அடித்தான். முதல் தடவையாக வாக்கியத்தை உள்ளே ஓட்டிப் பார்க்காமலே மராத்தியில் சொன்னான்: "உஸ்தாத், தப்பு ஷெல்கேயுடையது இல்லை. என்னுடையது. நான் நாயோடு தமிழ் பேசிவிட்டேன்."

வரிசை சிரித்தது. கதம் சிரிக்கவில்லை.

"இது யார் நாய்?" என்றார்.

"சர்க்கார் நாய், உஸ்தாத்."

"நாளைக்கு நீ பஸ்ஸில் அடிபட்டுக் கிடந்தால், ரயில் ஸ்டேஷனில் குண்டு இருக்கிறது என்று போன் வந்தால், இந்த நாய் யார் சொல்லி மோக்கும்? உன் ஊரிலிருந்து ஆள் வரவழைக்கவா? நீ நாயைப் பழக்கவில்லை. உனக்குத் துணை தேடிக்கொண்டாய்."

அவர் சொன்ன கடைசி வார்த்தை மாரிக்கண்ணனுக்குச் சுருக்கென்று தைத்தது.

கதம் ரிஜிஸ்டரை மூடினார். "பரீட்சைக்கு இருபத்தொரு நாள் இருக்கிறது. ஷெல்கே இருக்கட்டும். அதற்குள் நாய் இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் மூன்று பேரும் கிளம்புங்கள்."

முதல் ஒரு வாரம் மாரிக்கண்ணன் தமிழை விழுங்கிவிட்டு இங்கிலீஷில் மட்டும் பழக்கிப் பார்த்தான். ஹீராவுக்கு என்னவோ தண்டனை நடப்பதாகத் தோன்றியிருக்க வேண்டும். காதைத் தொங்கப் போட்டது, சோற்றைப் பாதியில் விட்டது, நன்றாகத் தெரிந்த பெட்டியையே தவறவிட்டது. மோப்பம் மனசோடு ஒட்டிய வேலை. மனசு கெட்டால் மூக்கும் கெட்டுவிடும் என்று கதம் எச்சரித்தார்.

எட்டாம் நாள் தண்ணீர்த் தொட்டியருகே துவைத்துக்கொண்டிருந்த ஷெல்கே திடீரென்று சொன்னான்: "அதற்கு மராத்தியும் வேண்டாம், இங்கிலீஷும் வேண்டாம் என்றால் எனக்குத் தமிழ் வரட்டுமே. எத்தனை வார்த்தை இருக்கும்? பத்தா, பதினைந்தா? நீ பேப்பர் பார்த்து மராத்தி முழுசையும் படித்தாயே."

மாரிக்கண்ணன் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். இத்தனை வருடத்தில் தன் மொழி வேண்டும் என்று கேட்ட முதல் போலீஸ்காரன் இவன்தான்.

ஷெல்கே உள்ளங்கையில் மராத்தி எழுத்தில் எழுதிக்கொண்டு படித்தான். வார்த்தை வந்துவிட்டது. ராகம் வரவில்லை. அவன் "உக்காருட்டி" என்றால் ஊர்வலத்தில் கோஷம் போடுவது போல இருக்கும். ஹீரா பாதி உட்கார்ந்து எழுந்துவிடும். கடைசியில் மாரிக்கண்ணன் வீட்டுக்குப் போன் போட்டான். திலக் நகரில் வாடகை வீட்டில் இருக்கும் அவன் பெண்டாட்டி மாலதி விஷயத்தைக் கேட்டாள்.

"நாய்கிட்ட தாயி, கண்ணுன்னு சொல்லியிருக்கிய," என்றாள். "கல்யாணமாயி ஏழு வருசத்துல எங்கிட்ட ஒரு நாளாவது சொல்லியிருக்கியளா?"

"அத வீட்டுக்கு வந்து பேசுவம், மாலதி. இப்ப இவருக்குக் கொஞ்சம் சொல்லிக்கொடு. நாஞ் சொன்னா அவருக்குப் பிடிபட மாட்டேங்கு."

மாலதி பம்பாய் ஹிந்தியில் வெளுத்து வாங்கினாள். ஸ்பீக்கரில் அவள் குரல் தொட்டிச் சுவரில் பட்டு எதிரொலித்தது. "பாயி சாப், அதட்டாதீங்க. கெஞ்சவும் கெஞ்சாதீங்க. பிள்ளை ஸ்கூலுக்கு நேரமாகுதுன்னு அம்மா எப்படிக் கூப்பிடுவா? கோபமும் இருக்கணும், கொஞ்சலும் இருக்கணும். எங்க, சொல்லுங்க பார்ப்போம்." தினமும் சாயங்காலம் கால் மணி நேரம் இந்த வகுப்பு நடந்தது. ஷெல்கே அவளை, அண்ணி என்ற அர்த்தத்தில், வைனி என்றும் உஸ்தாத் என்றும் மாற்றி மாற்றிக் கூப்பிட்டான்.

ராகம் படிந்ததும் இன்னொரு தடை எழுந்தது. மாரிக்கண்ணன் கண்ணில் படும் தூரத்தில் இருந்தால் ஹீரா அவனிடம்தான் ஓடும். கதம் ஒரு வரியில் முடித்துவிட்டார்: "பரீட்சைவரை பத்து நாள். நீ அதன் கண்ணிலும் படக் கூடாது, மூக்கிலும் படக் கூடாது."

மூக்கில் படாமல் இருப்பதென்றால் லேசா? மையத்தின் மறுகோடியில், காற்று எதிர்ப்பக்கமாக வீசும் சமையல் கொட்டகையில் அவனைப் போட்டார்கள். நாற்பது நாய்களுக்குச் சோறும் கறியும் வேகவைத்தான். ஹீராவின் தட்டை மட்டும் அவன் தொடக் கூடாது. தினமும் காலையில் கூண்டுப் பக்கமிருந்து ஒரு நீண்ட ஊளை கேட்கும். மற்றவர்களுக்கு அது ஏதோ நாய். அவனுக்கு எந்த நாய் என்று தெரியும். கரண்டியை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொள்வான். ஆறாம் நாள் ஹீரா கயிற்றை உருவிக்கொண்டு கொட்டகையை நோக்கி ஓடி வந்தது. நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டதுமே அவன் கக்கூஸுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டான். ஹீரா கதவைப் பிறாண்டியது. அவன் உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். "ஏட்டி" என்று ஒரு வார்த்தை சொன்னால் அதுவரை பட்ட பாடு அத்தனையும் வீண். சொல்லவில்லை. ஷெல்கே வந்து இழுத்துக்கொண்டு போன பிறகும் நெடுநேரம் அவன் வெளியே வரவில்லை.

எட்டாம் நாளிலிருந்து ஊளை நின்றுவிட்டது. நல்ல சேதிதான். அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

பரீட்சைக்கு மும்பையிலிருந்து அதிகாரி ஒருவர் வந்திருந்தார். விதிப்படி இரண்டாவது ஆளின் சுற்று முதலில். பழைய ரயில் பெட்டி ஒன்றை மைதானத்தில் நிறுத்தி, உள்ளே இருபது பைகளை வைத்து, ஒன்றில் பொட்டலத்தை ஒளித்திருந்தார்கள். மாரிக்கண்ணன் காற்றுக்கு எதிர்ப்பக்கம், ஒரு செங்கல் சுவருக்குப் பின்னால் நின்றான். பார்க்க முடியாது. கேட்கலாம்.

"சர்ச்," என்று ஷெல்கேயின் குரல், பரீட்சைக்காக. பிறகு அமைதி. பிறகு அதே குரல் தணிந்து வந்தது: "மோந்து பாருட்டி. பைய. அவசரப்படாத."

பீட் மாவட்டத்துக் கரும்புக்காட்டில் வளர்ந்தவன் வாயிலிருந்து வள்ளியூர்த் தமிழ், ஒரு பிசிறில்லாமல் வந்தது. சுவரில் சாய்ந்து நின்ற மாரிக்கண்ணனுக்குக் கண் கரித்தது. பைகளுக்கு நடுவே மூக்கு உறிஞ்சும் சத்தம் நகர்ந்துபோனது. நின்றது. மறுபடி நகர்ந்தது. பிறகு எதுவும் கேட்கவில்லை. அந்த அமைதியில் அவன் நூறு வரை எண்ணியிருப்பான்.

"உட்கார்ந்துவிட்டது," என்றார் அதிகாரி. "சரியான பை. ஆனால் இது என்ன பாஷை?"

"தமிழ், சார்," என்றார் கதம் உஸ்தாத். "விதியில் இரண்டு பேர் பேச்சையும் கேட்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. எந்தப் பேச்சு என்று போடவில்லை. இங்கிலீஷ் பழகும்வரை இரண்டு பேரும் இதில் வேலை வாங்குவார்கள். அதற்கு நான் பொறுப்பு."

அதிகாரி சிரித்துக்கொண்டே எழுதும் சத்தம் கேட்டது. "சரி. முதல் ஆளைக் கூப்பிடுங்கள்."

மாரிக்கண்ணன் சுவரைச் சுற்றிக்கொண்டு வந்தான். பத்து நாளுக்குப் பிறகு ஹீரா அவனைப் பார்த்தது. காது நிமிர்ந்தது, உடம்பே வாலாக ஆடியது. பாய்ந்து வரப் போகிறது என்று அவன் முட்டி போட்டுக் கையை விரித்தான்.

ஹீரா வரவில்லை. நிமிர்ந்து ஷெல்கேயின் முகத்தைப் பார்த்தது. போகலாமா என்று கேட்டது.

இதற்காகத்தான் அவன் பத்து நாள் சமையல் கொட்டகையில் கிடந்தான். பாஸ் என்றால் இதுதான், சர்க்கார் நாய் என்றால் இதுதான் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் அனுமதி கேட்பதைப் பார்த்தவன் போல ஆகிவிட்டான். விரித்த கையை அப்படியே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தான்.

ஷெல்கே குனிந்து அதன் காதருகே ஏதோ சொன்னான். மாரிக்கண்ணன் கற்றுக்கொடுத்த பதினைந்து வார்த்தைகளில் இல்லாத ஒன்று. மாலதி தனியாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

"போட்டி, ஒங்கப்பன் நிக்கான் பாரு."

ஹீரா போனது.